மினி வயிறும் ஃபுல் வயிறும்

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தால் கையில் தீக்குச்சி மருந்து மணக்கும், மில்லில் வேலை பார்த்தால் தலைமுடியில் பஞ்சு ஒட்டும், பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரிடம் நர்ஸாக வேலை பார்த்தால் எதிரே வருகிறவர்களின் முகம் கண்ணில் படாது, வயிறுதான் படும்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடு, கோவில்பட்டியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் எனக்கு அந்த வேலை வாய்த்தது. பிரசவம் பார்க்கும் பெரிய டாக்டரம்மாதான் அதற்குச் சொந்தக்காரர். இரண்டு சனிக்கிழமைக்கு ஒருமுறை மதுரையிலிருந்து ரயிலேறி ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் வருவார். ஊர் அவருக்குச் சனிக்கிழமை டாக்டர் என்று பெயர் வைத்திருந்தது. அவர் வந்தது தீக்காயத்துக்காக. விரல் ஒட்டிப் போனவர்கள், கழுத்து இழுத்துக்கொண்டவர்கள் என்று எங்கள் ஊரில் அவருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. அப்புறம் மெல்ல மெல்ல வயிறுகளும் வரத் தொடங்கின.

வருகிற வயிறுகளுக்கு மினியா ஃபுல்லா என்று விளக்கிச் சொல்வது என் பொறுப்பு. தொப்புளுக்குக் கீழே மட்டும் தோல் தொங்கினால் மினி. சிசேரியன் தழும்பைவிடக் கொஞ்சம் நீளமான வெட்டு, அவ்வளவுதான், தொப்புளைத் தொட மாட்டார்கள். தொப்புளுக்கு மேலேயும் தளர்ந்து, நடு வயிற்றில் தசை இரண்டாகப் பிரிந்து போயிருந்தால் ஃபுல். இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரைக்கும் வெட்டி, உள்ளே தசையைச் சேர்த்துத் தைத்து, தோலைக் கீழே இழுத்து மிச்சத்தை எடுத்துவிட்டு, தொப்புளுக்குப் புதிதாக ஒரு வாசல் வைப்பார்கள். ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது. இரண்டுமே உடம்பு மெலிவதற்கான வைத்தியம் அல்ல. இதை நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

சேலையை ஒரு சாண் ஏற்றிக் கட்டியும் மறையாத வயிறு உடையவர்களே, போட்டோ எடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்பவர்களே, இதைப் படிக்கிறபோதே வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டவர்களே, மூச்சை விடுங்கள். நானும் உங்கள் கட்சிதான். மூத்தவளுக்குப் பிறகு எனக்கு இரட்டைப் பிள்ளைகள். அவர்கள் நாலாம் வகுப்புக்குப் போன பிறகும் என் வயிறு ஐந்து மாசத்திலேயே நின்றது. அது போதாதென்று தொப்புளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு வேறு. இருமினால் வெளியே வரும், விரலால் அழுத்தினால் உள்ளே போகும். அது குடலிறக்கம் என்பதும், ஒருநாள் உள்ளே போகாமல் சிக்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பதும் நர்ஸாகிய எனக்குத் தெரியும். தெரிந்தும் யாரிடமும் மூச்சு விடவில்லை. வசதிப்படும்போது ஒரு மினி செய்துகொண்டால் போதும் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

எங்க தீப்பிடிச்சது?

முதன்முதலில் வயிற்றுக்காக வந்தவர் ராஜலட்சுமி அம்மா. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மனைவி. காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நடந்து வந்தார். வாசலில் வாட்ச்மேன் முத்தையா அண்ணாச்சி யாரைப் பார்க்கணும் என்று கேட்க, பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரை என்று மெதுவாகச் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி பதறிவிட்டார். எங்கள் ஊரில் பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் தீ என்றுதான் அர்த்தம். தள்ளுவண்டியை எடுத்துவந்து அந்த அம்மாவை வலுக்கட்டாயமாக உட்கார வைத்து, "எங்க தீப்பிடிச்சது? உங்க ஆபீசுலயா, வீட்லயா?" என்று விசாரித்துக்கொண்டே உள்ளே தள்ளிவந்தார்.

அந்த அம்மா பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டதும் அண்ணாச்சி தானாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஸ்டவ் வெடித்துவிட்டது. சாயங்காலத்துக்குள் டீக்கடை வரைக்கும் செய்தி போய், அடுத்த இரண்டு நாளும் அவர்கள் வீட்டுக்கு ஆரஞ்சுப் பழமும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்களாம். அடுத்த முறை அவர் வந்தபோது நான் அண்ணாச்சியின் சார்பில் மன்னிப்புக் கேட்டு, வேண்டுமானால் உண்மையைச் சொல்லச் சொல்கிறேன் என்றேன். ராஜலட்சுமி அம்மா அவசரமாக என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வயிறுன்னு சொல்லதுக்கு ஸ்டவ்வே மேலு சிஸ்டர். அது வெடிச்சதாவே இருக்கட்டும்."

தலையணை உறை

அவர் கேட்டது மினி. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணப் பட்டுச் சேலை கொசுவம் வைத்தால் வயிற்றில் நிற்காமல் சரிகிறது என்பதுதான் குறை. தழும்பு சின்னதாக இருக்க வேண்டும், சீக்கிரம் எழுந்து நடமாட வேண்டும், ஆகவே மினி. கேட்கிறவர்கள் அநேகமாக எல்லோருமே மினிதான் கேட்பார்கள். ஃபுல் வேண்டும் என்று கேட்டு வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம்.

வாய்ப்பேச்சில் புரியவைக்க முடியாமல் நான் கட்டிலில் கிடந்த தலையணையை எடுத்தேன். பலமுறை துவைத்துத் தொளதொளத்துப் போன உறை. அதன் கீழ்ப்பாதியை மட்டும் இறுக்கிப் பிடித்து ஊக்கு குத்திக் காட்டினேன். கீழே சப்பென்று இருந்தது, மேலே தொளதொளப்பு அப்படியே மடிந்து கிடந்தது. பிறகு அவரைக் குனிந்து நிற்கச் சொல்லி, அவர் வயிற்றை அவரையே பார்க்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேலே தோல் தலையணை உறை மாதிரியே தொங்கியது. அவரே ஊக்கைக் கழற்றித் தலையணையை என்னிடம் கொடுத்தார். டாக்டர் வந்ததும், "ஃபுல்லே செஞ்சிருங்க" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது இடுப்பில் சேலை அழகாக நின்றது. என் தலையணை உத்தி பலித்ததில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தத் தலையணைக்குப் பக்கத்தில் என் வயிற்றையும் வைத்துப் பார்க்கலாமே என்று மட்டும் தோன்றவில்லை.

"தலையணையக் காட்டாட்டி நான் பாதி வயித்தோடதான் சம்பந்தி முன்னால நின்னிருப்பேன் சிஸ்டர்."

இரண்டும் கிடையாது

கடம்பூரிலிருந்து ஒரு போளிக்கடை அண்ணாச்சி வந்தார். ஐம்பது வயது. சட்டையின் கடைசி இரண்டு பொத்தான்களும் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தன. மினி ஃபுல் எல்லாம் அவர் ஏற்கெனவே விசாரித்துவிட்டு வந்திருந்தார். "கல்லுல மாவத் தட்டி விரிச்சு வேலை செய்யுத ஆளு நான். குனிஞ்சா வயிறு கல்லுல படுது" என்றார். கேட்கவே எனக்குச் சுட்டது.

டாக்டர் அவரைப் படுக்கவைத்து வயிற்றைத் தட்டிப் பார்த்தார். மத்தளம் மாதிரி கெட்டியாக இருந்தது. தோலைப் பிடித்து இழுத்தார், பிடியில் ஒன்றும் அகப்படவில்லை. "உங்களுக்குத் தோல் நல்லாத்தான் இருக்கு. கொழுப்பு தசைக்கு உள்ள, குடலச் சுத்தி இருக்கு. வெளியில எவ்வளவு வெட்டினாலும் அது போகாது. நடக்கணும், நெய்யையும் இனிப்பையும் குறைக்கணும்" என்றார். அண்ணாச்சி வருத்தப்படுவார் என்று நினைத்தேன். கட்டிலைவிட்டு இறங்கும்போது அவர் முகத்தைப் பார்க்கணுமே. தூக்குத் தண்டனை ரத்தான மாதிரி அப்படி ஒரு தெளிவு.

"ரெண்டுமே வேண்டாம்னுட்டீய, நல்லதாப் போச்சு. வீட்ல கேட்டா டாக்டரே நம்ம வயித்தக் கைவிட்டுட்டாருன்னு சொல்லிக்கிடுதேன்."

டீச்சர் சொல் தட்டவில்லை

அப்போதெல்லாம் கோவில்பட்டியில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்தால் அதிர்ஷ்டம். வேகமில்லாமல் வரும் என்பதால், குழாயைத் தரைக்குக் கீழே இறக்கி, சுற்றிலும் இடுப்பளவுக்குக் குழி வெட்டி வைத்திருப்போம். குழிக்குள் ஒருவர் இறங்கி நின்று பிடித்துக் கொடுக்க வேண்டும், மேலே நிற்பவர் வாங்கிச் சுமக்க வேண்டும். தெருவுக்குத் தண்ணீர் வருகிற நாளில் கல்யாண வீட்டைக்கூடத் தள்ளிப் போட்டுவிடுவார்கள்.

ஒரு கணக்கு டீச்சருக்கு ஃபுல் செய்திருந்தோம். நான் சொன்னதை எல்லாம் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டவர். ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது என்பதற்கு இரண்டு கோடு. பதினைந்தாம் நாள் வயிறு வீங்கி, ஆட்டோவில் கூனிக்கொண்டு வந்து இறங்கினார். தோலுக்கு அடியில் நீர் கோத்திருந்தது. தெருவில் தண்ணீர் வந்திருக்கிறது. குடத்தைத் தூக்கக் கூடாதே. அதனால் டீச்சர் குழிக்குள் இறங்கி, மூன்று மணி நேரம் குனிந்து குனிந்து, சொம்பால் மோந்து மோந்து, மேலே இருந்த அண்டாவை நிரப்பியிருக்கிறார். பெரிய டாக்டரம்மா ஊசி போட்டு நீரை உறிஞ்சி எடுத்தார். நல்லவேளையாகத் தையல் எதுவும் விடவில்லை. அது தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. நான் கோபத்தோடு நோட்டை எடுத்துக் காட்டினேன். டீச்சருக்கு என் கோபம்தான் புரியவில்லை.

"கொடத்தத் தூக்கக் கூடாதுன்னுதான சொன்னீங்க? நான் சொம்பத்தான தூக்குனேன்?"

தண்ணி ஆள்

அதோடு எங்கள் நர்சிங் ஹோமில் ஒரு புது நடைமுறை வந்தது. என் நோட்டில் பெயர், வயது, எத்தனை பிரசவம் என்பதற்கு அடுத்து, 'தெருவுக்குத் தண்ணீர் வரும் நாள்' என்று ஒரு கட்டம் போட்டேன். தண்ணீர் பிடித்து முடித்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ சனிக்கிழமையாக அமைந்தால் அன்றைக்கு ஆபரேஷன். அதற்குப் பிறகு வருகிற நாலு முறைக்கும் யார் தண்ணீர் எடுப்பார்கள் என்று கேட்டு, அந்த ஆளை நேரில் வரச் சொல்லி, "நான் எடுப்பேன்" என்று டாக்டர் முன்னால் வாயால் சொல்ல வைப்போம். அவருக்குத் தண்ணி ஆள் என்று பெயர். தண்ணி ஆள் இல்லாத வயிற்றுக்குத் தேதி கிடையாது.

பலபேர் தண்ணி ஆள் கிடைக்காமலே திரும்பிப் போனார்கள். வேறு சிலர், ஆள் கிடைக்காததால் ஃபுல்லை மினியாக மாற்ற முடியுமா என்று பேரம் பேசினார்கள். மினிக்கு மூன்று வாரம் தாக்குப்பிடித்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. அவர்களை நான் கண்டிப்பாகப் பேசி அனுப்பிவிடுவேன். வீட்டுக்குப் போகும்போது எனக்காக நானும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுக்காகத் தெருக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது நான்தான். எங்கள் வீட்டுக்காரர் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் வேலை பார்ப்பவர், தண்ணீர் எப்போது வருகிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. டாக்டர் முதலில் என் கட்டத்தைப் பார்த்துச் சிரித்தார், பிறகு பழகிவிட்டார்.

"மத்த ஊர்ல ஆபரேஷன்னா ரத்தம் குடுக்கத்தான் ஆள் கேப்பாங்க சிஸ்டர். உங்க ஊர்ல தண்ணி எடுக்க ஆள் கேக்க வேண்டியிருக்கு."

நிலைக்கண்ணாடி முன்னால்

எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து சீனியம்மாள் வந்தது புரட்டாசிக் கடைசியில். சொந்தக் காடு, மிளகாயும் உளுந்தும் போடுகிற குடும்பம். நாலு பிரசவம். அவருக்குத் தோல் தொங்கியதைவிடப் பெரிய தொந்தரவு, தொப்புளுக்குப் பக்கத்தில் எலுமிச்சை அளவுக்கு இருந்த குடலிறக்கம். கூடவே வந்த கணவர் மழைக்கு முன்னால் விதைப்பு இருக்கிறது என்று சொல்லி, "எது சின்னதோ அதப் போட்டு அனுப்பிருங்க" என்றார். நான் அவரை உட்காரச் சொல்லிவிட்டு, சீனியம்மாளை உள்ளே அழைத்துப் போய் நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்தினேன்.

அவர் தன் வயிற்றை முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை என்று தெரிந்தது. வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடிதானே எல்லோருக்கும் உண்டு. ரொம்ப நேரம் பார்த்தார். தோலை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அழுவாரோ என்று நான் பயந்தேன். அவர் வயிற்றைத் தடவிக்கொடுத்து, "நாலு பேரச் சொமந்திருக்கு, பாவம்" என்றார். வெளியே வந்து கணவரிடம், "பெருசே செய்யட்டும். வெதைப்புக்கு என் தம்பியக் கூப்பிட்டுக்கிடுங்க. அவனே நமக்குத் தண்ணியும் எடுப்பான்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ஐந்தாம் நாள் அவருக்கு வயிற்றுப் பெல்ட்டை மாட்டிவிடக் குனிந்தபோது எனக்கு இருமல் வந்தது. பழக்கதோஷம், இடது கை தானாகவே போய்த் தொப்புளை அழுத்திக்கொண்டது. சீனியம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அழுத்தலை அவரும் எத்தனை வருஷம் செய்திருப்பார். நான் சட்டென்று கையை எடுத்தேன், ஆனால் பிரயோஜனமில்லை.

"நர்சம்மா, எனக்கு அம்புட்டு எடுத்துச் சொன்னீயளே, ஒங்க வயித்துக்கு யாரு எடுத்துச் சொல்லுதது?"

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம்

அதற்குப் பிறகும் நான் சொல்லவில்லை. என் பிடிவாதத்தை நீங்கள் திட்டலாம், உங்களில் பாதிப்பேர் திட்ட மாட்டீர்கள் என்றும் எனக்குத் தெரியும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சலைன் பாட்டில் பெட்டியை நகர்த்தினேன். புடைப்பு வெளியே வந்தது. அழுத்தினேன், போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தினேன், கல் மாதிரி இருந்தது. வலி தொப்புளிலிருந்து முதுகு வரைக்கும் இழுத்தது, குமட்டியது. நான் எத்தனையோ பேரிடம் சொன்ன அந்த 'ஒருநாள்' இதுதான் என்று புரிந்துவிட்டது. பிள்ளைகள் மூன்றும் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். சாயங்காலம் அவர்களுக்குக் கதவைத் திறக்க நான் இருப்பேனா என்றுதான் முதலில் நினைத்தேன்.

எங்கள் ஆயா பேச்சியம்மா, என் வயசுக்காரி, என்னைத் தாங்கிப் பிடித்துப் பிரசவ அறைக் கட்டிலில் படுக்கவைத்துப் பெரிய டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். முழங்காலை மடக்கி, வலிக்கு ஊசி போட்டு, தளர்வாக மூச்சை விடச் சொன்னார் டாக்டரம்மா. அரைமணி நேரம் கழித்து அவர் கைக்கு அடியில் களக்கென்று ஒரு சத்தத்தோடு அது உள்ளே போனது. நான் வாய்விட்டு அழுதேன். டாக்டரம்மா, "இன்னொரு தடவை வெளிய வந்து உள்ள போகலேன்னா நேரா திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிதான். இல்லேன்னா இந்தச் சனிக்கிழமை ஆபரேஷன், பேச்சே கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நிலைமையிலும் நான் பேச்சியம்மாவிடம், பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை முடியட்டுமே, அடுத்த முறை டாக்டர் வரும்போது பார்க்கலாமே என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள்.

"பரீட்சை முடியட்டும்னு ஒங்க கொடலுகிட்ட கேட்டுச் சொல்லுங்கக்கா, அது சரின்னா எனக்கும் சரிதான்."

தலையைத் தூக்குங்க சிஸ்டர்

சனிக்கிழமை காலையில் நான் டாக்டரின் பரிசோதனைக் கட்டிலில் மல்லாக்கப் படுத்திருந்தேன். டாக்டர், "கையை ஊணாம தலைய மட்டும் தூக்குங்க சிஸ்டர்" என்றார். இந்தச் சோதனைக்கு எத்தனை பேரைப் படுக்க வைத்திருப்பேன். தசை பிரிந்திருந்தால் நடு வயிற்றில் ஒரு மேடு கிளம்பும். எனக்கு நெஞ்சுக்குழியிலிருந்து அடிவயிறு வரைக்கும் கிளம்பியது. பெரிய டாக்டரம்மா தலையை ஆட்டினார். யார் பார்த்தாலும் ஃபுல்தான்.

நான் எழுந்து உட்கார்ந்து, "டாக்டர், மினி போதும். கீழே சின்னதா வெட்டி, புடைப்ப மட்டும் உள்ள தள்ளித் தைச்சிருங்க. மூணு வாரத்தில நான் வேலைக்கு வந்திருவேன்" என்றேன். சொல்லும்போதே குரல் கெஞ்சியது. அவர் கோபப்படவில்லை. மூலையில் இருந்த தலையணையை எடுத்து என் மடியில் வைத்து, "மத்தவங்களுக்குச் சொல்றத எனக்கு ஒரு தடவை சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் மினியே போடலாம்" என்றார். நான் உறையைக் கீழே இறுக்கிப் பிடித்தேன். மேலே மடிப்பு விழுந்தது. தொப்புளுக்கு மேலேயும் தளர்ந்து, நடுவில் தசை இரண்டாகப் பிரிந்து போயிருந்தால், என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாயைவிட்டு வரவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. சரி, ஃபுல்லே செய்யுங்கள் என்றேன். டாக்டர் என் நோட்டை எடுத்து, நான் போட்ட கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றார்.

"சரி, தண்ணிக்கு ஆள் யாரு சிஸ்டர்?"

குழிக்குள் இறங்கியவர்

ஆள் அனுப்பியதும், எங்கள் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்த கையோடு, தலையில் பஞ்சோடு வந்து நின்றார். விஷயமே அவருக்கு அப்போதுதான் தெரியும். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டாக்டர் முன்னால் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, "நான் எடுப்பேன் சார்" என்றார். பிறகு என்னிடம் குனிந்து, "நம்ம தெருவுக்கு என்னைக்கு வருது?" என்று கேட்டார்.

மயக்கம் தெளிந்ததும் டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ஓட்டை வெளியே தெரிந்ததைவிடப் பெரியதாம். குடலை மூடியிருக்கும் கொழுப்புச் சவ்வு அதில் வந்து ஒட்டிக்கொண்டிருந்ததாம். குடல் அதற்குப் பின்னாலேயே நின்றதாம், ஆனால் அடிபடவில்லை. எல்லாவற்றையும் உள்ளே வைத்து, ஓட்டையை அடைத்து, தசையை மேலிருந்து கீழ்வரை சேர்த்துத் தைத்தாகிவிட்டது என்றார்.  நான் பிழைத்துக்கொண்டேன். அந்த ஒன்று போதுமாக இருந்தது. இரண்டு பக்கமும் நீர் வடிகிற ரப்பர்க் குழாய் தொங்க, பத்து நாள் கூனிக்கொண்டே நடந்தேன். அந்தக் கூன் நடையிலும் என் மனசு லேசாக இருந்தது. இருமல் வந்தால் தொப்புளுக்குப் போன கையை, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்ப எடுப்பது ஒரு சுகம்.

தண்ணி ஆளின் கதை தனி. முதல் தடவை குழிக்குள் இறங்கியவர் மேலே ஏறத் தெரியாமல், இரண்டு பெண்கள் கைகொடுத்துத் தூக்கிவிட்டார்களாம். தெருவே சிரித்தது. இரண்டாம் தடவை சைக்கிளில் இரண்டு பக்கமும் குடத்தைக் கட்டத் தெரிந்துகொண்டார். மூன்றாம் தடவை பக்கத்து வீட்டுக் குடங்களையும் பிடித்துக் கொடுத்தார். நாலாம் தடவை, வரிசையில் யார் குடம் முன்னே யார் குடம் பின்னே என்ற வழக்கையெல்லாம் அவரிடமே கொண்டுபோக ஆரம்பித்துவிட்டார்கள். ஏழாவது வாரம் டாக்டர் என்னைப் பரிசோதித்து, இனி சின்னக் குடம் தூக்கலாம் என்று அனுமதி கொடுத்தார். அடுத்த முறை தண்ணீர் வந்த அன்று, நேராக நிமிர்ந்த வயிற்றோடு, குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழி முன்னால் நின்றேன். உள்ளே இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கீழ வீட்டுக்காரி மகளுக்கு மாப்பிள பாத்த கதை பாதியில நிக்குது, நீ கொடத்த வச்சுட்டு வீட்டுக்குப் போ."

ஆகவே என் கட்சிப் பெண்களே, மினியா ஃபுல்லா என்பதை உங்கள் டாக்டர் பார்த்துச் சொல்வார், ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது என்று அவர் சொல்லும்போது மட்டும் வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.